பஞ்சு அடைக்காத முயல்

என் இருமலுக்கு முதலில் எல்லாரும் புகையைத்தான் குறை சொன்னார்கள்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில் வேலை. பறித்த பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, கீழே விறகு எரித்து, அந்தச் சூட்டில் காய வைக்கும் கட்டிடத்தைத்தான் ஸ்டோர் என்போம். எங்கள் வீடு அதன் சுவரை ஒட்டியே இருந்தது. பறிப்புக் காலத்தில் சோறு, துணி, தலைமுடி எல்லாமே ஏலக்காயும் புகையுமாக மணக்கும். நான் இருமினால், "ஸ்டோர்க்காரன் பொண்டாட்டி இருமாம என்ன செய்வா" என்று தோட்டத்துப் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்தால் இருமல் இன்னும் கூடும்.

என் மகள் கனகம் அப்போது தவழத் தொடங்கியிருந்தாள். நான் மெலிந்துகொண்டே போனேன். பால் கொடுக்கிறவள் மெலியத்தான் செய்வாள் என்றார்கள். பொழுது சாய்ந்தால் உடம்பு கணகணவென்று சுடும். விடியும்போது ரவிக்கை வேர்வையில் தொப்பலாக நனைந்திருக்கும். மலைக்குளிரில் ஒருத்திக்கு ஏன் இப்படி வேர்க்கிறது என்று எனக்கே கேட்கத் தோன்றவில்லை. ஒரு நாள் காலையில் ஓடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. துப்பினேன். கல்லின் மேல் வெற்றிலை எச்சில் போலச் சிவப்பாக விழுந்தது. நான் வெற்றிலை போடுகிறவள் இல்லை.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி அதைக் கழுவி விட்டார்.

"லோடு ஜீப்பு எறங்கப் போகுது. வெரசா கெளம்பு," என்றார். "புள்ளயையும் தூக்கிக்க."

ஏல மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மலையிறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் போடி கீழே ஒரு முறை தெரிந்து மறையும். வழக்கமாக அந்த வளைவுகளில் கனகத்துக்கு ஊரைக் காட்டிக்கொண்டே வருவேன். அன்றைக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

போடியில் என் வீட்டுக்காரருடைய அக்கா இருந்தார். மதினி என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவர். பிள்ளை கிடையாது. இலவம்பஞ்சு சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் காயை உடைத்துக் கொட்டையை நீக்கிப் பஞ்சு பிரிக்கிற வேலை அவருக்கு. வேலை முடிந்து வரும்போது புருவத்திலும் தலையிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு திடீரென்று நரைத்தவர் மாதிரி இருப்பார். நடந்ததைச் சொன்னதும் வீட்டைப் பூட்டினார். "நடங்க," என்றார். உலகச் சண்டைக் காலத்தில் நிறுத்திய போடி ரயில் மறுபடி ஓடத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதில் நாலு பேருமாக மதுரைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே நீளமான பெஞ்சுகள். எக்ஸ்ரே என்பது நெஞ்சுக்குள் இருப்பதைப் படம் எடுப்பது. வலி ஒன்றும் இல்லை. குளிர்ந்த பலகையில் மார்பை ஒட்டிக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும். ஓயாமல் இருமுகிறவளிடம் மூச்சைப் பிடி என்றால், அதுதான் கஷ்டம். என் முறை வரும் வரை கனகம் மதினி மடியில் இருந்துகொண்டு என் பக்கமே தாவித் தாவி அழுதாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பால் குடிக்கும்போது என் காது மடலைப் பிடித்து விரலால் நெருடிக்கொண்டே இருப்பாள். காது கிடைக்காவிட்டால் தூக்கம் வராது.

எங்களுக்கு அடுத்து வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் குழந்தை கையில் துணியில் தைத்த ஒரு பொம்மை முயல். சீமையிலிருந்து யாரோ பரிசாக அனுப்பியதாம். அந்த மாதிரிப் பொம்மையை நான் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மரப்பாச்சியும் பனையோலைக் கிலுகிலுப்பையும்தான். கனகம் எட்டி அந்த முயலின் நீளக் காதைப் பிடித்தாள். பிடித்ததும் அழுகை நின்றது. விரல்கள் அந்தக் காதை நெருட ஆரம்பித்தன.

"பரவாயில்லை, வச்சிருக்கட்டும்," என்றாள் அந்தப் பெண். அவர்கள் முறை வந்தபோதுதான் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கனகத்தின் விரல்களை மதினி ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

சளியையும் எடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயம் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால், நோய்க்கிருமி இருந்தால் தெரியுமாம். என் சளியில் தெரிந்தது. டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு வட்டத்தைக் காட்டினார்.

"இது காசநோய். நோய் அரிச்சு இங்க ஒரு குழி விழுந்திருக்கு. மருந்து இருக்கு, ஆனா நாளாகும். இங்கேயே தங்கணும்." பிறகு கனகத்தைப் பார்த்தார். "பால் கொடுக்கிறியாம்மா?"

"ஆமா டாக்டரம்மா."

"இன்னையோட நிறுத்தணும். பாலால நோய் தொத்தாது. உன் மூச்சாலயும் இருமலாலயும் தொத்தும். குழந்தை உன் முகத்துக்கிட்ட இருக்கவே கூடாது."

மதினி கனகத்தை மடியிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவர் செய்தது சரிதான். ஆனால் அந்த இரண்டடியை நான் மறக்கவில்லை.

நான் பயந்தது என் நெஞ்சுக் குழியை நினைத்து இல்லை. இத்தனை மாதம் என் மூச்சிலேயே கிடந்த பிள்ளைக்கு என்ன ஆயிருக்கும் என்றுதான். அதற்கு ஒரு சோதனை இருந்தது. முன்கையில் தோலுக்கு அடியில் ஒரு சொட்டு மருந்தை ஊசியால் ஏற்றி விடுவார்கள். நோய் உள்ளே போயிருந்தால் இரண்டு மூன்று நாளில் அந்த இடம் சிவந்து தடித்துவிடும். கனகத்துக்கு ஊசி போட்டு மதினியோடு சத்திரத்துக்கு அனுப்பினார்கள். என்னைப் பெண்கள் வார்டில் படுக்க வைத்தார்கள். அந்த நாட்களில் நான் எந்தச் சாமியையும் விட்டு வைக்கவில்லை.

வார்டுக்கு முன்னால் வராந்தா. அதற்கு முன்னால் மண்தரை, வேப்பமரம், பிறகு முள்கம்பி வேலி. குழந்தைகள் வேலிக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது. மூன்றாம் நாள் மத்தியானம் மதினி வேலிக்கு வெளியே வந்து நின்று, கனகத்தின் கையை உயரத் தூக்கிக் காட்டினார்.

"ஒண்ணுமில்லத்தா வடிவு! கை பளிச்சுன்னு இருக்கு! டாக்டரம்மா பாத்துட்டாக!"

நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நோய் அண்டாமல் இருக்க ஒரு தடுப்பூசி போட்டு, பிள்ளையைப் போடிக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

பிள்ளை போய்விட்டது, பால் போகவில்லை. மார் கல்லாகக் கட்டிக்கொண்டது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சுருண்டு கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் எழுந்து வந்தாள். பெயர் பவளம். தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும்.

"எந்தா அக்கா, மாரு கட்டியிருக்கோ?" என்றாள். பூக்காரியிடம் மல்லிகைப்பூ வாங்கி வரச் சொல்லி, அதை மாரில் பரப்பித் துணியால் இறுகக் கட்டிவிட்டாள். "எனக்கும் இப்படித்தான் வத்த வச்சாங்க. ரெண்டு மூணு நாளு வாசமா இருங்க." பூ வாடவும் புதுப்பூ வைப்பாள். மெல்ல மெல்லப் பால் வற்றியது. அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் தலையில் வைத்துக்கொள்ள ஏங்கும் பூ அது. எனக்கு மட்டும் இன்றைக்கும் மல்லிகை மணத்தால் மார் வலிக்கும்.

இந்த நோய் வந்தவர்கள் இப்போது வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பெண் அப்படித் தேறி வருகிறாள். அவள்தான் "உங்க காலத்துல என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். அவளுக்காகவும் இதை எழுதுகிறேன். அப்போது முதல் மருந்து படுக்கைதான். நடக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது. இடுப்பில் தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. அது போட்டால் காதுக்குள் வண்டு ரீங்கரிக்கும், எழுந்தால் தரை சாயும். வயிற்றைப் புரட்டும் மாத்திரைகளைக் கை நிறையத் தருவார்கள். ஒவ்வொருத்திக்கும் மூடி போட்ட ஒரு தகர டப்பா. எச்சில், சளி எல்லாம் அதில்தான் துப்ப வேண்டும். பவளத்துக்கு இன்னொரு வைத்தியமும் நடந்தது. விலா எலும்புக்கு இடையில் ஊசியை இறக்கிக் காற்றை ஏற்றுவார்கள். அந்தக் காற்று நுரையீரலை அமுக்கி வைக்கும். சுருங்கிய நுரையீரல் ஓய்வில் இருந்து புண் ஆறும் என்பது கணக்கு. காற்று ஏற்றிக்கொண்டு வரும் நாட்களில் பவளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடப்பாள். "லாரிச் சக்கரத்துக்குக் காத்தடிக்கிற மாதிரில்லா அடிக்கிறாங்க," என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பாள். சிரிப்பும் இருமலும் வார்டு முழுக்க ஒன்றாகக் கிளம்பும்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த வராந்தாவை நான் இப்போதும் தேடுவதுண்டு. பினாயில் மணமும், வேப்பம்பூ உதிர்கிற மாதங்களும், யாரோ வீட்டிலிருந்து வந்த எலுமிச்சை ஊறுகாய்க்கு எல்லாரும் தட்டை நீட்டுவதும் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன. வெளியில் எங்கள் நோயின் பெயரைச் சொல்லவே பயந்தார்கள். உள்ளே யாரும் யாருக்கும் பயப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவார்கள். ஒரு முறை மதினி தனியாக வந்தார். பிள்ளை நன்றாக இருக்கிறாளா என்றேன்.

"ஆட்டுப்பால் குடிக்கிறா. கூழு குடிக்கிறா. பகல்ல வெளாடுறா," என்றார். பிறகு முந்தானையைத் திருகினார். "தூங்கத்தான் மாட்டேங்குறா. கை காதத் தேடுது. எங்காதக் குடுத்தாலும் தடவிப் பாத்துட்டு, இது இல்லேன்னு தட்டி விட்டுருது."

அவர் போன பிறகு அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். எக்ஸ்ரே அறை வாசலில் அந்த முயலின் காதைப் பிடித்ததும் அழுகை நின்றது ஞாபகம் வந்தது. ஒரு முயல் தைத்துக் கொடுத்தால் என்ன? மறுநாள் சிஸ்டரிடம் ஊசி நூல் கேட்டேன். சிஸ்டர் டாக்டரம்மாவிடம் போனார். டாக்டரம்மா என் கட்டிலுக்கே வந்துவிட்டார்.

"இங்க நீ தைச்ச பஞ்சுப் பொம்மையைக் குழந்தைகிட்டக் கொடுக்க நான் விடமாட்டேன். அது அதை வாயில வைக்கும். பஞ்சை எப்படி அலசுவ?"

"துணிய மட்டும்னா அலசலாமா டாக்டரம்மா?" பவளம்தான் கேட்டாள். "இவங்க தோலை மட்டும் தைக்கட்டும். நீங்க வேக வச்சுக் குடுங்க. பஞ்சை அவங்க வீட்ல அடைச்சுக்கிடட்டும். அவங்க மதினிக்கு அதுதானே சோலி!"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், பவளத்தைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "வாயைத் துணியால கட்டிக்கிட்டுத் தைக்கணும். முடிச்சதும் சிஸ்டர்கிட்டக் கொடு. கொதிக்க வச்சு வெயில்ல காயப் போட்டுத்தான் வெளியே போகும்."

என் வீட்டுக்காரர் வாங்கி வந்த வெள்ளை மல்லுத் துணியில் தைக்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த முயல், ஏலச்செடிகளுக்கு நடுவில் வாலைக் காட்டிக்கொண்டு ஓடுகிற முயல்தான். அதன் முகத்தை நின்று பார்த்தவள் இல்லை. பவளம்தான் காகிதத்தில் வெட்டிக் காட்டினாள். கண்ணுக்குக் குன்றிமணி வைக்கலாம் என்றாள். பிள்ளை பிடுங்கி விழுங்கிவிடுமே என்று கறுப்பு நூலாலேயே கண் போட்டேன். காதுகளை மட்டும் இரட்டைத் துணியாக, ஓரம் மடித்து, நெருடினால் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி தைத்தேன். படுத்தபடியே தைத்ததால் ஒரு காது சற்றுக் கோணல். முதுகில் பஞ்சு அடைக்க ஒரு திறப்பு விட்டேன்.

கொதித்துக் காய்ந்து வந்த அந்த வெறுந்தோலை மதினி ஞாயிற்றுக்கிழமை கையில் வாங்கிப் பார்த்தார். தட்டையாக, அடிபட்ட ஏதோ ஒன்று மாதிரி இருந்தது.

"இது என்னத்தா, முயலா? வத்தலா?"

"நீங்க பஞ்சு அடைச்சா முயலு மதினி. நல்ல பஞ்சா அடைங்க. கொட்டை கிட்டை இருந்துரப் போகுது."

"ஏண்டி, எனக்கா பஞ்சு சொல்லித் தர்ற?" என்று மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

அடுத்த முறை வந்தபோது கனகத்தையும் தூக்கி வந்திருந்தார். வேலிக்கு வெளியே விழுந்த வேப்பமர நிழலில் நின்றார். பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுப் பக்கம் வெள்ளையாக ஒரு நேர்க் காதும் ஒரு கோணக் காதும் தொங்கின. தூக்கத்திலும் அவள் விரல்கள் ஒரு காதைப் பிடித்திருந்தன.  நன்றாகத் தெரியட்டும் என்று மதினி பிள்ளையின் முதுகைத் திருப்பிக் காட்டியபடி நின்றார். வார்டே வராந்தாவுக்கு வந்துவிட்டது.

அதன் பிறகு எங்கள் வார்டில் முயல் தைக்காத தாய் இல்லை. பாதிப் பேருக்கு வெளியில் கைக்குழந்தைகளும் நடைபழகும் பிள்ளைகளும் இருந்தார்கள். முழங்கால் அளவு முயல், உள்ளங்கை அளவு முயல், பச்சைப் புடவைத் துணியில் பச்சை முயல் என்று விதவிதமாகத் தைத்தார்கள். கொதித்த தோல்களைச் சிஸ்டர் கொடியில் வரிசையாகக் காதில் கிளிப் போட்டுத் தொங்க விடுவார். பஞ்சுக்கு வழியில்லாதவர்களுடையதை மதினி போடிக்குக் கொண்டுபோய் அடைத்து, தைத்து, மறுவாரம் வேலியருகே அவரவர் வீட்டாரிடம் கொடுப்பார். முகம் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் அவர் கையால் பஞ்சு அடைத்த முயல் போனது.

பவளத்தின் மகனுக்கு நாலு வயதிருக்கும். அவள் தாயோடு மலையில், தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் இருந்தான். அவளைப் பார்க்க யாரும் வந்ததில்லை. அவ்வளவு தூரம் யார் வருவார்கள்? அவளும் ஒரு முயல் தைத்தாள். நெஞ்சுப் பக்கம் சிவப்பு நூலில் சின்னதாகப் பொத்தான் போட்ட சட்டை. தைத்து முடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் வந்தபோது நான் சொன்னேன். அவர் பவளத்தைப் பார்த்து, "குடு தாயி. நான் மலைக்காரன்தானே, கொண்டுபோய்க் குடுக்கிறேன்," என்றார்.

மதினி கையால் பஞ்சு அடைத்து வாங்கிக்கொண்டு, அவர் தன் லீவு நாளில் ஜீப்பிலும் லாரியிலும் ஏறி, கடைசிச் சரிவில் மழையில் நடந்து போயிருக்கிறார். மறுமுறை வந்து, வராந்தாவுக்கு வெளியே நின்று பவளத்திடம் சொன்னார்.

"ஒம் மகன் மொதல்ல தொடவே இல்ல. கடிக்குமான்னு கேட்டான். கடிக்காதுன்னேன். அப்பறம் ஒரு கொழுந்தப் பறிச்சு அது வாயில வச்சான். திங்கலைன்னதும், இதுக்குப் பசியில்லேன்னு அவனே சொல்லிக்கிட்டான்."

"பின்னே? பின்னே?" என்றாள் பவளம்.

"அப்பறம், அம்மாகிட்டயும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கான்னு கேட்டான். நான் இருக்குன்னு சொல்லிட்டேன் தாயி. வேற என்ன சொல்ல?"

பவளம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அவர் போன பிறகு என்னிடம், "அக்கா, துணி மிச்சம் இருக்கோ?" என்றாள். "அண்ணன் சொன்னது பொய்யாப் போகக் கூடாது. என் மோன் கேட்டா, இருக்குன்னு சொல்லணும்." தனக்கென்று ஒரு முயல் தைத்தாள். அது வெளியே போக வேண்டியதில்லை என்பதால் சிஸ்டர் ஆஸ்பத்திரிப் பஞ்சையே கொடுத்தார். தன் கட்டிலில் முயல் வைத்துக்கொண்டு தூங்கிய ஒரே பெரிய மனுஷி அவள்தான். நாங்கள் கேலி செய்தோம். அவளும் சிரித்தாள்.

மார்கழியில் அவளுக்கு ரத்தம் கக்குவது அதிகமாயிற்று. காற்று ஏற்றியும் நிற்கவில்லை. ஒரு விடிகாலையில் திரையைப் போட்டு மறைத்தார்கள். சிஸ்டர் அந்த முயலை எடுத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நாங்கள் எல்லாரும் ஒரே குரலில், அதை அவளோடேயே வைக்கச் சொன்னோம். என் வீட்டுக்காரர்தான் மறுபடி மலையேறிப் போய்ச் செய்தி சொன்னார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் கடைசி வரை வாய் திறக்கவில்லை.

பவளத்தின் கட்டிலுக்கு வேறொருத்தி வந்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர், என்னைச் சிரிக்க வைக்க நினைத்து, ஒன்று சொன்னார்.

"பாப்பா பேச ஆரம்பிச்சிருச்சு வடிவு. அக்காவ அம்மா, அம்மான்னு ஒரே கூப்பாடு."

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். செத்துப்போனவளுடைய பிள்ளை, அம்மாவிடமும் முயல் இருக்கிறதா என்று கேட்கிறான். உயிரோடு இருக்கிற என் பிள்ளைக்கு நான் வேண்டாம். அப்படியெல்லாம் மனசு ஓடியது. நோயாளிக்கு வருகிற கோபம் நியாயம் பார்க்காது. மதினி அடுத்த முறை வந்தபோது நான் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் காரணம் கேட்கவில்லை. கொண்டுவந்த முட்டைகளைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

சளியில் கிருமி இல்லை என்று தொடர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். எக்ஸ்ரேயில் அந்த வட்டம் சுருங்கிச் சுருங்கி ஒரு கோடாக ஆயிற்று. பிறகு ஒரு நாள் டாக்டரம்மா, "வீட்டுக்குப் போகலாம் வடிவு," என்றார். மாத்திரையை நிறுத்தாதே, மலைப் புகைக்குள் போகாதே, ஓடாதே, பாரம் தூக்காதே என்றெல்லாம் சொன்னார். நான் கேட்டது ஒன்றுதான். "பிள்ளயத் தொடலாமா?" "தாராளமா தொடு. தூக்கிக் கொஞ்சு," என்றார்.

போடியில் வீட்டு வாசலில் மதினி கனகத்தை முன்னால் நிறுத்தி, "பாரு, யாரு வந்திருக்காகன்னு," என்றார். கனகம் நடக்கவும் பேசவும் கற்ற ஒரு புதுப் பிள்ளையாக நின்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மதினியின் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரு?" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் ஆஸ்பத்திரி நாட்களைவிடக் கடினம். நான் சோறு பிசைந்தால் வாயை மூடிக்கொள்வாள். நான் அறைக்குள் வந்தால் முயலைத் தூக்கிக்கொண்டு வெளியே போவாள். அழாமல், மரியாதையாக, ஒரு விருந்தாளியைத் தவிர்ப்பது போலத் தவிர்த்தாள். மதினி அவளை என் பக்கம் தள்ளிவிடுவார். அவள் ஒரு வட்டம் சுற்றி மதினியிடமே போய் நிற்பாள்.

ஒரு நாள் காலையில் கனகம் வாசலில் நின்று "அம்மா, அம்மா" என்று அலறினாள். மதினியைக் காணவில்லை. எதிர்வீட்டுப் பெண், "தகரப் பெட்டியத் தூக்கிக்கிட்டு பஸ்சு ஸ்டாண்டுப் பக்கம் போறாகளே, தெரியாதா?" என்றாள். என் வீட்டுக்காரர் மலையில் இருந்தார். நான் யோசிக்கவில்லை. கனகத்தைத் தூக்கினேன். உதைத்தாள், மார்பில் அடித்தாள், கீழே நழுவப் பார்த்தாள். "அம்மாகிட்டத்தான் போறோம்த்தா," என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அடங்கினாள். தலை என் தோளில் விழுந்தது. பெற்ற பிள்ளை அத்தனை காலம் கழித்து என் தோளில் சாய்ந்தது, இன்னொருத்தியைத் தேடிப் போகிற வழியில்.

பஸ் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. மதினி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"எங்க போறீக மதினி?"

"ராசிங்காபுரத்துக்கு. சின்னய்யா வீட்ல களையெடுப்புச் சோலி கெடக்குன்னு ஆள் விட்டாக."

"சொல்லாமலா?"

அவர் கனகத்தைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்தார். "நான் கண்ணு முன்னாடி இருக்கிற வரைக்கும் புள்ள ஒன்ன ஏறெடுத்துப் பாக்காது. பெத்தவ நீயி. எமன் கையிலருந்து உசுரப் பிடுங்கிக்கிட்டு வந்திருக்க. கொஞ்ச நாள் அழும். அப்பறம் மறந்துரும்."

"மறக்கவா? ஒரு தடவ ஒரு தாய மறக்க வச்சாச்சு. இன்னொரு தடவையும் மறக்கப் பழக்கணுமா அந்தப் பச்ச மண்ண?"

மதினியின் வாய் கோணியது. "என்னய அம்மாங்குதே. ஒனக்கு எரியலையா?"

"எரிஞ்சுச்சு. இல்லேங்கல," என்றேன். "ஆனா கூப்புட்ட கூப்பாட்டுக்கெல்லாம் ஓடி வந்தது நீங்கதான. அந்தப் பேரு ஒங்களுக்கே இருக்கட்டும். நம்ம ஊர்ல ஆத்தான்னு ஒரு பேரு சும்மாதான கெடக்கு. அத நான் எடுத்துக்கிறேன். எறங்குங்க."

கண்டக்டர் படியில் நின்றபடி, "வர்றீகளா, இல்லையாம்மா?" என்றார்.

"வரலண்ணே, நீங்க போங்க," என்றேன் நான். கனகம் ஜன்னலுக்குக் கையை நீட்டினாள். மதினி பெட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். மூச்சு வாங்கியதால் நான் பஸ் ஸ்டாண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "பாரம் தூக்காதேன்னு சொன்னாகள்ல, கூறு கெட்டவளே," என்று திட்டினார்.

நான் மலைக்குத் திரும்பவில்லை. போடியில் மதினி வீட்டிலேயே இருந்தோம். என் வீட்டுக்காரர் வாரம் ஒரு முறை ஏலவாசனையோடு இறங்கி வருவார். அந்த வருடம்தான் மலைக்கு மேலே கேரளா என்று புது மாநிலம் ஆயிற்று. "வேற தேசத்துலருந்து வர்றேன், சோறு போடு," என்பார். முயல் கிழிந்தால் நான் தைப்பேன், மதினி பஞ்சு மாற்றுவார். இரண்டு பேருக்கும் நடுவில் கனகம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டாக்டர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னை அவள் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. கையைப் பிடித்து இழுப்பாள், அல்லது "இந்தா" என்பாள். மதினி எத்தனையோ தரம், "ஆத்தான்னு சொல்லு," என்று சொல்லிக் கொடுத்தார். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன்.

தை முடிந்திருந்தது. மதினி கிட்டங்கிக்குப் போயிருந்தார். நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கனகம் முற்றத்தில் மண்ணில் வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, கை நிறைய ஈர மண்ணோடு, எப்போதும் கூப்பிடுகிறவள் மாதிரி கூப்பிட்டாள்.

"ஆத்தா, தண்ணி."

கீரை தரையில் சிந்தியது. சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சொம்பை என்னிடம் நீட்டி, மறுபடி மண்ணுக்குத் திரும்பிக்கொண்டாள்.